தூரத்து மாவட்டத்தில் பணியில் சேரும் ஆசிரியர்களுக்கு

ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாகத் தேர்வாகி முதன்முறையாக அரசுப் பள்ளியில் சேர்பவர்களில் பலருக்குச் சொந்த மாவட்டம் கிடைப்பதில்லை. ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் மாறுதல் கலந்தாய்வில் தங்கள் ஊருக்கு அருகிலுள்ள பள்ளிகளுக்குச் சென்றுவிடுகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களே புதியவர்களுக்கு எஞ்சுகின்றன. தென்மாவட்டங்களில் இடங்கள் விரைவாக நிரம்பிவிடுவதால், திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தென்காசியிலும் படித்து வளர்ந்தவர்கள் கிருஷ்ணகிரிக்கோ திருவண்ணாமலைக்கோ பெட்டியுடன் வந்து இறங்குவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. நானும் அப்படி வந்தவள்தான். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கெலமங்கலத்தைத் தாண்டியுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன்.

புதிதாக நியமனம் பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை எப்போது ஊருக்குத் திரும்பலாம் என்பதைப் பற்றியவை. அந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை. வயதான பெற்றோரும் சிறு குழந்தைகளும் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும்போது மாறுதலை எண்ணாமல் இருக்க முடியாது. மாறுதலுக்கு விண்ணப்பிப்பது உரிமையும்கூட. என் கவலை அதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. என்றோ ஒருநாள் போய்விடுவோம் என்று தெரிந்தே சேர்கிற ஒரு பள்ளியில், இருக்கும் காலத்தில் எப்படி ஊன்றி இருப்பது? அதற்கு வழி இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. அந்தப் பள்ளியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையில் நமக்குரிய பங்கை முதல் நாளிலிருந்தே முழுமையாக ஏற்றுக்கொள்வதில் அது தொடங்குகிறது.

முதலில் தாள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியமன ஆணை, உடல் தகுதிச் சான்று, கல்விச் சான்றுகளின் மூலப் படிவங்கள், அவற்றின் நகல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு, முடிந்தால் பள்ளி தொடங்கும் நேரத்துக்கு முன்பே வந்துவிடுங்கள். பணியில் சேர்ந்தது முற்பகலா பிற்பகலா என்பது அறிக்கையிலும் பணிப்பதிவேட்டிலும் குறிக்கப்படும். சேர்ந்த உடனேயே, நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று உறுதிசெய்யும் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்குமாறு தலைமையாசிரியருக்கும் இளநிலை உதவியாளருக்கும் பணிவுடன் நினைவூட்டுங்கள்; தகுதிகாண் பருவம் முடித்த ஆணை கேட்கும் நேரத்தில் அந்தத் தாள் இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம். புதிய பணியாளர் என்பதால் எண்களும் கணக்குகளும் உருவாகி முதல் ஊதியம் கைக்கு வர ஒன்றிரண்டு மாதங்கள் ஆகலாம். வீட்டு முன்பணம், பாத்திரம், போர்வை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்குப் போதுமான பணத்தை ஊரிலிருந்தே எடுத்து வருவது மன நிம்மதியைத் தரும். பணக் கவலையுடன் வகுப்பறைக்குள் நுழைபவருக்குப் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கத் தோன்றாது.

வீடு எடுப்பதிலும் ஒரு முடிவு செய்ய வேண்டியிருக்கும். ஓசூரில் தங்கிப் பேருந்தில் வந்து போகலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். தனியாக வாழும் பெண்களுக்கு நகரத்தில் அறை கிடைப்பது எளிது, பாதுகாப்பும் கூடுதல், பெங்களூரு - நாகர்கோவில் விரைவு ரயிலும் ஓசூர் வழியாகவே போகிறது. எங்கே தங்கினாலும் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன்பே பள்ளியில் இருக்கும்படியான தூரத்தில் தங்குங்கள் என்பதே என் ஆலோசனை. பேருந்து தவறினால் முதல் பாடவேளையே போய்விடும் என்ற நிலை இருந்தால், அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பாரம் நாள்தோறும் வேறொரு ஆசிரியரின் மேல் விழும். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆனால் ஆசிரியர் ஓய்வறையில் நம்மைப் பற்றிய முதல் கருத்து அங்கிருந்துதான் உருவாகத் தொடங்கும்.

ஓய்வறை என்பது புதியவர்களை மிகவும் தயங்க வைக்கும் இடம். யார் எந்த நாற்காலியில் அமர்வார்கள், தேநீர்க் கணக்கு யாரிடம், மதிய உணவை யார் யாருடன் பகிர்ந்து உண்பார்கள் என்பதெல்லாம் எழுதப்படாத ஒழுங்குகள். சில பள்ளிகளில் சங்கம் சார்ந்த பிரிவுகளும் பழைய மனத்தாங்கல்களும் இருக்கும். அவற்றின் வரலாறு நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவசரப்படவும் வேண்டாம். ஒருவர் மற்றவரைப் பற்றிச் சொல்லும் குறையைக் காதில் வாங்கிக்கொண்டு, அதற்கு ஆமோதிப்பும் மறுப்பும் கூறாமல் பாடக்குறிப்பு எழுதத் திரும்புவது சிறிது காலத்துக்கு நல்லது. எல்லோரிடமும் ஒரே மாதிரியான மரியாதையுடன் பழகுபவருக்கு இரு தரப்பிலும் மெல்ல மெல்ல இடம் கிடைத்துவிடும். ஒரு தரப்பில் விரைவாகச் சேர்ந்துவிட்டவருக்கு மறுதரப்பின் உதவி பிறகு எளிதில் கிடைப்பதில்லை.

பேச்சைவிட அங்கே அதிகம் கவனிக்கப்படுவது மாற்றுப் பாடவேளைதான். ஓர் ஆசிரியர் தற்செயல் விடுப்பில் இருந்தால் அவருடைய வகுப்புகளை மற்றவர்களுக்குப் பிரித்து எழுதிச் சுற்றுக்கு அனுப்புவார்கள். நம் பெயருக்கு எதிரே இருப்பதைப் பார்த்துக் கையொப்பமிட்டு, மணி அடித்தவுடன் அந்த வகுப்புக்குச் செல்ல வேண்டும். புதியவர்களுக்கு இது கூடுதல் சுமையாகத் தோன்றலாம். எனக்கு அதுவே பெரிய வாய்ப்பாக அமைந்தது. நான் பாடம் நடத்தாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை முதலில் அறிந்துகொண்டது இப்படிக் கிடைத்த பாடவேளைகளில்தான். அவர்களைச் சும்மா அமைதியாக இருக்கச் சொல்லாமல், பள்ளிக்கு வரும் வழியில் பார்த்த ஒரு செடியைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ ஒவ்வொருவரையும் சொல்லவைத்தேன். மறு ஆண்டு அவர்கள் என் வகுப்புக்கு வந்தபோது யார் பேசத் தயங்குவார், யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை என்பவை எனக்கு முன்பே தெரிந்திருந்தன.

பள்ளியின் நினைவு முழுவதும் ஆசிரியர்களிடம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. ஆசிரியர்கள் மாறுதலில் வந்து வந்து போகிறார்கள். உள்ளூரிலிருந்து வரும் சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் தூய்மைப் பணியாளரும் நெடுங்காலம் அங்கேயே இருக்கிறார்கள். எந்தப் பிள்ளை காலையில் வெறும் வயிற்றுடன் வருகிறது என்பதைச் சமையலறையில் இருக்கும் அக்கா அறிவார். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உண்டு வந்த பிள்ளை, ஐந்தாம் வகுப்பை முடித்து எங்கள் பள்ளிக்கு வரும்போது அந்த உணவு இல்லாமல் போகிறது. மதியம் சத்துணவு உண்டு; ஆனால் முற்பகல் முழுவதும் அந்த வயிறு காத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இரண்டாம் பாடவேளைக்குப் பிறகு சோர்ந்து மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைக் கவனமில்லாதவன் என்று நினைப்பதா, பசியுள்ளவன் என்று அறிவதா என்பது அந்த அக்காவிடம் நாம் நின்று பேசினோமா என்பதைப் பொறுத்தது.

எங்கள் ஆய்வக உதவியாளரையும் இங்கே நன்றியுடன் நினைக்கிறேன். அறிவியல் ஆசிரியராகச் சேர்பவர் முதலில் கேட்டு வாங்கவேண்டியது ஆய்வகத்தின் இருப்புப் பதிவேடு. பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 25 மதிப்பெண் செய்முறைக்கும் உரியவை. ஆகவே குவிலென்சும் அளவுகோலும் சோதனைக் குழாயும் புனலும் கணக்கில் இருப்பது போலவே கையிலும் இருக்கின்றனவா என்பது பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தொடும் விஷயம். அவர் என்னை ஒவ்வோர் அலமாரியாக அழைத்துச் சென்று, எந்தப் புட்டியின் ஒட்டுத்தாள் உதிர்ந்துவிட்டது, எந்த அமிலம் பழையது, எந்த மின்கலப் பெட்டியில் இணைப்புத் தளர்ந்திருக்கிறது என்று பொறுமையாகக் காட்டினார். மயில்துத்தத்தைச் சூடுபடுத்தும் செய்முறைக்குப் பிள்ளைகளை எந்தப் பக்கம் நிறுத்தினால் சன்னல் காற்று சுடரை அணைக்காது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தகைய அறிவு எந்தப் பயிற்சி ஏட்டிலும் கிடைக்காது. அவரை எல்லோரையும் போல 'அண்ணா' என்று அழைத்து, மேசைக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எழுதிக்கொண்டே கேட்டேன்.

இந்தப் பகுதிக்கு வருபவர்கள் பிள்ளைகளின் வீட்டுமொழியையும் மனத்தில் கொள்ளவேண்டும். தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசப்படுகின்றன. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பிறகு வந்த தலைமுறை பள்ளியில் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுதான் வருகிறது. எனினும் உயர்நிலை வகுப்பில் திடீரென்று கேட்கும் கேள்விக்கு மனத்துக்குள் விடையைத் திரட்டித் தமிழில் சொல்ல அவர்களுக்குச் சில நொடிகள் கூடுதலாக வேண்டும். அந்த நொடிகளை நாம் கொடுக்க வேண்டும். தாமிரபரணிக் கரையின் வேகத்தில் நான் பேசினால் பின்வரிசைக்கு எட்டுவதில்லை என்பதை அவர்களின் கண்களைப் பார்த்து அறிந்து, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டேன். பதிலுக்கு அவர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்துப் பயிர்களின் பெயர்களைத் தெலுங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாணவர்களிடம் ஆசிரியர் பாடம் கேட்பது அவர்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

பள்ளியில் நமக்குப் பொருளற்றதாகத் தோன்றும் வழக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். எங்கள் பள்ளியில் ஆண்டின் பிற்பகுதியில் சில வாரங்களுக்குக் கடைசிப் பாடவேளையில் புதிய பாடம் எதுவும் நடத்தமாட்டார்கள். வாசிப்பு, விளையாட்டு, திருப்புதல் என்று ஏதாவது ஒன்றாகவே அது இருக்கும். வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு இது பொதுத்தேர்வு நெருங்கும் ஆண்டில் நேரத்தை வீணாக்குவதாகவே தோன்றும். காரணம் என்னவென்று மூத்த தமிழாசிரியரிடம் கேட்டேன். கேழ்வரகு முற்றும் காலத்தில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரிக் காடுகள் வழியாக யானைக் கூட்டங்கள் ஓசூர் வனக்கோட்டத்துக்குள் வருகின்றன. காட்டோரக் குக்கிராமங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் இருட்டுவதற்குள் வீடு சேரவேண்டும். ஆகவே அவர்களைச் சற்று முன்னதாக, பெரியவர் ஒருவரின் துணையுடன் கூட்டாக அனுப்பிவிடுகிறார்கள். மீதமுள்ள பிள்ளைகளுக்குப் புதிய பாடம் நடத்தினால் போனவர்கள் பின்தங்கிவிடுவார்கள் என்பதால் அந்த ஏற்பாடு. இரவு முழுவதும் வயலில் பரணமைத்துத் தீப்பந்தத்துடன் காவல் காத்த தந்தையின் அருகே இருந்துவிட்டு மறுநாள் தாமதமாக வரும் சிறுவனை வாசலிலேயே நிறுத்திக் கண்டிக்காமல் உள்ளே விடுவதற்கும் அதுவே காரணம்.

இதைப் போன்ற காரணங்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும். ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாப் பண்ணைகளுக்கும் பசுமைக்குடில்களுக்கும் பெற்றோர் விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுகிறார்கள். தம்பி தங்கையை எழுப்பி அனுப்பிவிட்டு வரும் மூத்த பெண் குழந்தை வணக்கக் கூட்டத்துக்குப் பிந்துவது இயல்பு. சந்தை நாளில் வருகை குறையும். மாம்பழக் காலத்தில் தோப்புகளிலும் கூழ் ஆலைகளிலும் வேலை கூடிவிடும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்தும் வராத பிள்ளைகளைத் தேடிப்போனால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே முதல் காலாண்டுத் தேர்வு வரை எதையும் மாற்ற முயலவேண்டாம் என்று நான் சொல்வேன். சும்மா இருங்கள் என்பது இதற்குப் பொருளன்று. அந்த மாதங்களில் நம் பாடத்தை நன்றாக நடத்துவது, தேர்வுத்தாளை உரிய நாளில் திருத்திக் கொடுப்பது, செயலியில் வருகைப் பதிவை அன்றன்றே முடிப்பது, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கு நாற்காலி எடுத்துப்போடுவது, விளையாட்டு விழாவுக்குக் கோடு போடுவது என்று கைக்கு வரும் எல்லா வேலைகளிலும் இருப்போம். கூடவே, தோன்றும் யோசனைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இதை யாரிடம் கேட்கவேண்டும் என்றும் எழுதுவோம். நான் காட்டுயிர்ச் சுவரேடு ஒன்று தொடங்க விரும்பினேன். முன்பு அதுபோல ஒன்று இருந்து, பொறுப்பாசிரியர் மாறுதலில் போனவுடன் நின்றுவிட்டது என்பது விசாரித்தபோது தெரிந்தது. அதனால் பொறுப்பை என்னிடம் வைத்துக்கொள்ளாமல், எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்த ஒரு மாணவர் குழுவிடம் ஒப்படைத்துத் தொடங்கினோம். மேல்வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் தமக்கு அடுத்தவர்களுக்கு எழுத்துவேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது விதி. அது இன்னமும் நடக்கிறது.

இவ்வளவையும் புதியவரின் தோளிலேயே ஏற்றுவது நியாயமாகாது; பழையவர்களுக்கும் கடமை உண்டு. எங்கள் தலைமையாசிரியர் சார், நான் சேர்ந்த மறுநாள் வணக்கக் கூட்டத்தில் என் பெயரையும் பாடத்தையும் கூறி அறிமுகப்படுத்தினார். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியர் பொறுப்பை என்னிடம் தராமல் ஆறாம் வகுப்பைத் தந்தார்; பிள்ளைகளும் பள்ளிக்குப் புதியவர்கள், நானும் புதியவள் என்பதால் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தோம். ஊர்ப்புறத்துக்குச் சென்று பெற்றோரைப் பார்க்கும் நாளில் உள்ளூர்க்காரரான உடற்கல்வி ஆசிரியரை என்னுடன் அனுப்பினார். கணித டீச்சர் தம் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்து, இந்தக் குளிருக்கு இதைச் சாப்பிடப் பழகிக்கொள் என்று அன்புடன் அதட்டினார். புதியவரிடம் யாரும் செய்ய விரும்பாத எல்லா வேலைகளையும் தள்ளிவிட்டு, அதைப் பயிற்சி என்று சொல்லும் பள்ளிகளும் இருக்கின்றன என்று தோழியர் மூலம் கேள்விப்படுகிறேன். அங்கே வருபவர்கள் மனம் ஒட்டாமல் போவதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். பழகிய சில வாரங்களுக்குள் யாராவது ஒரு மாணவி, "மிஸ், நீங்க எப்ப மாறுதல்ல போவீங்க?" என்று கேட்பாள். அதில் மரியாதைக் குறைவு ஏதும் கிடையாது. ஒரே பாடத்துக்கு ஆண்டுக்கு ஓர் ஆசிரியரைப் பார்த்தும், சில மாதங்கள் யாருமே இல்லாமல் இருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு அனுபவம் உண்டு. நம்மிடம் எவ்வளவு மனத்தை வைக்கலாம் என்று அறிந்துகொள்ளவே கேட்கிறார்கள். போகவே மாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது பொய்யாகிவிடும். நான் என் கையில் இருப்பதைச் சொன்னேன்: இந்தக் கல்வியாண்டின் பாடம் முழுவதையும் நானே முடிப்பேன், உங்கள் செய்முறைத் தேர்வுக்கு உடன் இருப்பேன், இடையில் விடுப்பு எடுத்தால் முன்னதாகச் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஊருக்குப் போகும் வாரங்களில் திங்கட்கிழமைக் காலை வகுப்பைத் தவறவிடாமல் திரும்புவதற்கு இந்த வாக்குதான் என்னைத் தூண்டியது. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பைத் தூரப் பயணத்துக்கே கரைத்துவிடாமல், பண்டிகை விடுமுறைகளை ஒட்டித் திட்டமிட்டுக்கொள்வதும் அப்படித்தான் பழக்கமாயிற்று.

மாறுதல் ஆணை கிடைத்துப் போகும் நாளும் வரும். அதற்கென ஒரு தடித்த குறிப்பேட்டை இப்போதிருந்தே எழுதி வருகிறேன்: ஆய்வகத்தில் எது எந்த அலமாரியில் இருக்கிறது, எந்தச் செய்முறைக்கு எந்தப் பொருளை எந்த மாதத்தில் கேட்டு வாங்கவேண்டும், சுவரேட்டுக் குழுவில் யார் யார், எந்தக் குக்கிராமத்துப் பிள்ளைகள் எந்த மாதங்களில் முன்னதாகக் கிளம்பவேண்டும், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பவை அதில் இருக்கின்றன. பிள்ளைகளின் குடும்பச் செய்திகளை அதில் எழுதவில்லை. அவை அவரவர் நம்பிச் சொன்னவை, அடுத்து வருபவர் தாமே பழகி அறிந்துகொள்ள வேண்டியவை. என் இடத்துக்கு வருபவர் சேரும் நாளில் அவரிடம் கொடுக்கும்படி அந்தக் குறிப்பேட்டை ஆய்வக உதவியாளர் அண்ணாவிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வதாகத் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். மற்ற பாட ஆசிரியர்களும் தத்தம் பாடத்துக்கு ஒன்று தொடங்கவேண்டும் என்று சென்ற ஆசிரியர் கூட்டத்தில் அவர் கேட்டுக்கொண்டார். கணித டீச்சரும் சமூக அறிவியல் சாரும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.